ராஜேஸ்வரி டீச்சரின் கறுப்புப் பக்கம்

என் மனைவிக்கு வரையத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. கலியாணமான புதிதில் ஒரு நாள், சந்தையில் என்ன மீன் வாங்க வேண்டும் என்று தாளில் வரைந்து காட்டினாள். நான் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்படிப்பட்ட ராஜேஸ்வரி, 2003ஆம் வருஷம் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு, "என்னங்க, நாளையிலருந்து நான் சித்திரமும் படிச்சுக் குடுக்கப் போறேன்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. விஷயம் கைமீறிவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

நான் இராமநாதன். கண்டி மாநகர சபையில் தண்ணீர்ப் பகுதிக் கிளார்க்காக இருந்தவன். வீடு அம்பிட்டியவில். ராஜேஸ்வரி டவுனை ஒட்டிய ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அங்கே இருந்த சித்திர மாஸ்டருக்கு நடு வருஷத்தில் மாற்றம் வந்து, அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு மாத்தளைக்குப் போய்விட்டார். உயர்தர வகுப்பில் சித்திரம் எடுத்த இரண்டு பெண் பிள்ளைகள் நடு ஆற்றில் நின்றார்கள். இரண்டு பேருக்காக ஒரு பாடத்தை நடத்த முடியாது, வேறு பாடத்துக்கு மாறட்டும் என்றார் அதிபர் சேதுராமன்.

சொல்வது சுலபம். பரீட்சைக்கு ஒரு வருஷம்கூட இல்லாத நேரத்தில் புதுப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது? இரண்டு பேரில் ஒருத்தி ஹபீலா, அக்குறணைப் பிள்ளை. அவளுடைய வாப்பாவுக்குத் துணிக் கடை இருக்கிறது, எப்படியும் சமாளித்துவிடுவாள். மற்றவள் அழகம்மா. பாடம் போனால் பள்ளிக்கூடமும் போனது என்று அவளுடைய அப்பா கறுப்பையா சொல்லிவிட்டார். கொழும்பில் ஒரு புடவைக் கடையில் அவளுக்கு வேலையும் பேசி வைத்திருந்தார்கள். இந்தச் செய்தியைச் சொல்ல ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்ற அழகம்மா, சொல்ல முடியாமல் தூணைச் சுரண்டிக்கொண்டு நின்றாளாம். அதைப் பார்த்துத்தான் என் மனைவி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"உனக்குத்தான் வரையத் தெரியாதே" என்றேன்.

"வரையறது ரெண்டு பேருக்கும் நல்லா வரும். மாஸ்டர் அதெல்லாம் பழக்கிட்டுத்தான் போயிருக்காரு. படத்தைப் பாத்து விளங்கிக்கிட்டு எழுதுற பகுதிதான் மிச்சம். செய்யுளுக்குப் பொருள் சொல்றவ, ஒரு படத்துக்குச் சொல்ல மாட்டேனா?"

அதிபர் ஒரு நிபந்தனை போட்டார். இரண்டாம் தவணை முடிவதற்குள் கல்வி வலய அலுவலகத்திலிருந்து சித்திர ஆலோசகர் வருவார். பிள்ளைகளின் சித்திரக் குறிப்புக் கொப்பிகளை அவர் பார்த்துத் திருப்தி என்று எழுதினால் பாடம் இருக்கும். இல்லையென்றால் அன்றோடு மூடுவிழா.

சித்திரக் குறிப்புக் கொப்பி என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு ஓவியத்தைப் பார்த்து, இடப் பக்கத்தில் அதன் அமைப்பையும் நிறங்களையும் வரைய வேண்டும். வலப் பக்கத்தில் கண்டதை எழுத வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு முன்னால் தானே ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும் என்று ராஜேஸ்வரி தீர்மானித்தாள். அகப்பட்டது எங்கள் வீட்டு நகைக் கடைக் காலண்டர். தாமரையில் லட்சுமி, இரண்டு பக்கமும் யானை. அதன் முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு பின்னேரம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பருப்பு கருகியது.

"என்னங்க, இதைப் பாத்தா ஒங்க கண்ணு முதல்ல எங்க போகுது?"

"திகதிக்கு. நாளைக்கு லீவா என்று பார்க்க."

அவள் என்னைப் பொருட்படுத்தவில்லை. லட்சுமியை வரைய முயன்றாள், அது மூட்டை மாதிரி வந்தது. யானை இன்னொரு மூட்டை. பிறகு வரைவதையே விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு பெட்டி, பார்வைக்கு ஒரு அம்புக்குறி என்று போட்டாள். அம்புகளைப் போட்டு முடித்ததும் கத்தினாள். "இங்க பாருங்க! ரெண்டு யானையும் அவளைப் பாக்குது, அவ நம்மளப் பாக்குறா. அதுதான் கண்ணு சுத்திச் சுத்தி அவ மொகத்துக்கே வருது!" நான் எத்தனையோ காலம் அந்தக் காலண்டருக்கு நேரே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன். யானைகள் எங்கே பார்க்கின்றன என்று எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், அன்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

பிள்ளைகளும் பெட்டியும் அம்புமாகப் பழகினார்கள். பிஸ்கட் டின் படம், தபால் முத்திரைப் படம் என்று கண்டதையெல்லாம் கொப்பியில் ஏற்றினார்கள். ஆனால் பரீட்சைக்கு வருவது கண்டி ராஜாக்கள் காலத்துப் பௌத்த விகாரைச் சுவர் ஓவியம். அதற்கு ஒரு கைநூல் இருந்தது. அதுவும் அசல் இல்லை, யாரோ எடுத்த போட்டோக் கொப்பியிலிருந்து எடுத்த போட்டோக் கொப்பி. நல்ல வண்ணப் புத்தகம் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைப்பது அப்போது குதிரைக் கொம்பு. அதில் ஒரு சுவர் ஓவியத்தின் துண்டு இருந்தது. பின்னணி அட்டைக்கரி. அதன் மேல் வெளிறிய ஆட்கள் நாலு பேர் வரிசையாகப் போகிறார்கள்.

அழகம்மா அதைப் பார்த்து இடப் பக்கம் முழுக்கக் கறுப்பு போஸ்டர் கலர் பூசினாள். அதன் மேல் நாலு பேரையும் உயிரோடு நிறுத்தினாள். வலப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "பின்னணி கறுப்பாக இருப்பதால் இது இரவு. அண்ணன் தம்பிமார் நால்வரும் யாருக்கும் தெரியாமல் ஊரை விட்டுப் போகிறார்கள். பயத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை." ஹபீலாவுக்கு அந்த நாலு பேரும் விடியமுன் சந்தைக்குப் புறப்பட்ட வியாபாரிகள். அக்குறணைக் கடைக்காரர் பிள்ளை வேறென்ன எழுதும்?

ராஜேஸ்வரிக்குப் பெருமை பிடிபடவில்லை. இரண்டிலும் சிவப்பு மையால் "மிக நன்று" போட்டு, அழகம்மாவின் கொப்பியை எனக்குக் காட்டவே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நான் தேநீரைக் குடித்துக்கொண்டே பார்த்தேன். கீழே விகாரையின் பெயர் எழுதியிருந்தது. மகாவலி ஆற்றைத் தாண்டிப் போனால் வருகிற ஒரு குகை விகாரை.

"இங்க நான் போயிருக்கேனே" என்றேன். "கந்தோர்ல வேலை செய்யிற ஆட்களோட ஒரு போயா நாள், பௌர்ணமி லீவுக்குப் போனோம். அங்க ராத்திரி எங்க இருக்கு? சுவர் பூரா சிவப்பு."

ராஜேஸ்வரி அப்படியே நின்றாள். "சிவப்பா?"

"நல்ல சிவப்பு. குங்குமச் சிவப்பு."

"இவ்வளவு நாளா இதை ஏன் சொல்லல?"

"நீ கேக்கலயே."

அன்று எனக்குக் கிடைத்த வசவை இங்கே எழுத இடம் போதாது. ஆனால் வைதுகொண்டே அவள் அழுதாள். பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடக்கூடிய இடம். பிறந்ததிலிருந்து கண்டியில் இருக்கிறாள், புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகைக்கு எத்தனையோ தரம் போயிருக்கிறாள், ஆனால் ஒரு கிராமத்து விகாரையின் படியை மிதித்ததில்லை. நம்மை உள்ளே விடுவார்களா, யார் நீ என்று கேட்டால் என்ன சொல்வது என்ற தயக்கம். சண்டைக் காலம் எங்களை அப்படிப் பழக்கி வைத்திருந்தது. சிவப்பு போட்டோக் கொப்பியில் கறுப்பாக விழும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிள்ளைகளை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தியே தீருவேன் என்று நின்றாள். சுற்றுலாவுக்கு அனுமதி எடுப்பதென்றால் கடிதம் மேலே போய்க் கீழே வருவதற்குள் தவணை முடிந்துவிடும், பெற்றோரோடு போனால் தனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார் அதிபர். ஹபீலா தன் வாப்பா மஹ்மூதிடம் பயந்து பயந்து கேட்டிருக்கிறாள். விகாரைக்குள் போக விடுவாரோ என்று எங்களுக்கும் சந்தேகம். அவர் கடை வேனோடு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வாசலில் வந்து இறங்கினார்.

"பாக்கத்தானே போறாங்க சேர், கும்புடவா போறாங்க?" என்றார். "படிப்புன்டா படிப்பு. ஏறுங்க."

கறுப்பையாவும் வந்தார். மகளை இந்த டீச்சர் எங்கே இழுத்துக்கொண்டு போகிறாள் என்று பார்ப்பதற்காகவே வந்த முகம். கொழும்புக் கடையில் அவசரப்படுத்துகிறார்கள் என்பதை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அழகம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள்.

விகாரையில் ஒரு இளம் பிக்கு, ஹாமதுரு என்பார்கள், பெரிய சாவியோடு வந்தார். எங்கள் கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். பேச வேண்டியது என் பொறுப்பு. எனக்குத் தெரிந்த சிங்களமோ தண்ணீர்க் குழாய்ச் சிங்களம்: மீட்டர் ஓடவில்லை, பைப் வெடித்துவிட்டது, இந்த மாதிரி. அதை வைத்துக்கொண்டு, இவர்கள் சித்திரம் படிக்கிற பிள்ளைகள், சுவரைப் பார்த்து வரைய வந்திருக்கிறார்கள் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். போட்டோ எடுக்கக் கூடாது, சுவரில் கை வைக்கக் கூடாது, வரைவதென்றால் எவ்வளவு நேரமும் வரையலாம் என்றார். பிறகு உள்ளேயிருந்து தானே ஒரு பாயைக் கொண்டுவந்து விரித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

உள்ளே நல்ல இருட்டு. எங்கே சிவப்பு என்று ராஜேஸ்வரி என்னை முறைத்தாள். ஹாமதுரு இரண்டு கதவையும் அகலத் திறந்தார்.

வெளிச்சம் விழுந்ததும் சுவர் எழும்பி வந்தது. மேலிருந்து கீழ்வரை சிவப்பு. அதில் மஞ்சள் உடம்புகள், வெள்ளை யானை, பூப் பூவாக மரங்கள். ஹபீலா பேனாவை எடுக்கப் போனாள். "எழுதாதீங்க, முதல்ல பாருங்க" என்று ராஜேஸ்வரி தடுத்தாள். பார்த்தார்கள். நானும் பார்த்தேன். போயா நாளில் வந்தபோது அன்னதான வரிசை நகர்கிறதா என்றுதான் நான் அதிகம் பார்த்திருந்தேன்.

நெடு நேரம் கழித்து வரையத் தொடங்கினார்கள். ராஜேஸ்வரி வழக்கம்போலப் பெட்டிகள் போட்டாள். அழகம்மா அந்த நாலு பேரையும் ஒவ்வொருவராக வரைந்து வந்தாள். முதல் ஆளின் மகுடம், வேட்டிக் கரை, தோளில் விழும் துணி. இரண்டாவது ஆள். மூன்றாவது ஆளில் கை நின்றது. கொப்பியையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டீச்சர், இவருக்கும் அதே மகுடம். அதே கரை. இது நாலு பேரில்ல டீச்சர். ஒரே ஆளு."

நான் ஹாமதுருவிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். ஒரே ஆள்தான், கேட்டவருக்கெல்லாம் எல்லாவற்றையும் கொடுத்த ஓர் இளவரசன் என்றார். யானையைக் கொடுக்கிறார், பிறகு ரதத்தில் போகிறார், ரதத்தையும் கொடுக்கிறார், பிறகு நடக்கிறார். ஓவியர் ஒரே சுவரில், நடக்க நடக்க அவரையே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். எங்கள் கைநூலில் இருந்த துண்டிலோ யானையும் இல்லை, ரதமும் இல்லை, வழியனுப்ப நிற்கிற சனமும் இல்லை. அழகம்மா அந்தச் சனத்தின் பக்கம் விரலை நீட்டினாள்.

"பகல்லயே போறாரு டீச்சர். எல்லாரும் பாக்கப் போறாரு."

அதுவரை தூணோடு சாய்ந்து நின்ற கறுப்பையா முன்னால் வந்து அந்த இடத்தைப் பார்த்தார். எண்பத்து மூன்று கலவரத்தில் அவருடைய குடும்பம் தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி வந்தது. அழகம்மா அப்போது பிறக்கவில்லை, ஆனால் அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். போட்டோக் கொப்பிக் கறுப்பில் அவள் கண்டது அதைத்தான். திரும்பி வரும்போது கறுப்பையா கொழும்புக் கடைப் பேச்சை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சண்டை தொடங்கியது. ஆலோசகர் வருகிற நாள் நெருங்கிவிட்டது. சிவப்புப் பக்கங்களைப் பிள்ளைகள் அழகாக முடித்துவிட்டார்கள். அதற்கு முன்னால் இருக்கும் கறுப்புப் பக்கத்தை என்ன செய்வது? எங்கள் பள்ளிக்கூடங்களில் கொப்பி என்றால் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்க வேண்டும். பிழை வந்தால் அந்தத் தாளைத் தடம் தெரியாமல் உருவிவிட்டு மறுபடி எழுதுவதுதான் வழக்கம். ஒரு சொட்டு மை பட்டாலும் பாடம் முழுவதையும் திருப்பி எழுத வைத்தவள் ராஜேஸ்வரியேதான்.

"கிழிச்சிருங்க டீச்சர்" என்றார் அதிபர். "ரெண்டு பக்கம். யாருக்குத் தெரியப் போகுது? அதுலயும் நீங்களே மிக நன்றுன்னு வேற போட்டிருக்கீங்க."

நானும் அதிபர் கட்சிதான். வருகிற ஆள் முதலில் பிழையைப் பார்த்தால் பாடம் போகும், அழகம்மா கொழும்புக்குப் போவாள், எதற்கு இந்த வீம்பு என்று கேட்டேன்.

"கிழிச்சா விடை மட்டும்தாங்க மிஞ்சும். விடை மட்டும் போதும்னா நோட்ஸைப் பாடமாக்கினாப் போதுமே, கொப்பி எதுக்கு? எப்படிப் பாத்தா எப்படித் தெரிஞ்சிச்சின்னு எழுதத்தானே இது." சொல்லிவிட்டாளே தவிர, அடுத்த இரண்டு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆலோசகர் வருகிற அன்று நான் அரைநாள் லீவு போட்டேன். அவள் மறந்துபோன சோற்றுப் பார்சலைக் கொடுக்க வந்ததாகச் சாக்கு. பார்சலை மறக்க வைத்தவனும் நான்தான். அரைச்சுவர் வகுப்பறை, வெளியே நின்றால் எல்லாம் தெரியும், கேட்கும்.

ஆலோசகர் யாழ்ப்பாணத்து அம்மா, கண்ணாடி போட்ட கண்டிப்பான முகம். அழகம்மாவின் கொப்பியைத் திறந்தார். கறுப்புப் பக்கத்தில் நின்றார். பக்கத்தில் நின்ற சேதுராமன் கூரையைப் பார்த்தார்.

"உது என்ன? பின்னணி கறுப்போ? உங்கட டீச்சர் வேற மிக நன்று எண்டு போட்டிருக்கிறா."

"பிழை மிஸ்" என்றாள் அழகம்மா. "அடுத்த பக்கத்துல எழுதியிருக்கேன்."

ஆலோசகர் புரட்டினார். சிவப்புப் பக்கம். அதன் கீழே எழுதியிருந்ததை வாய்விட்டு வாசித்தார்: "முந்திய படத்தை நான் இரவு என்று எழுதினேன். போட்டோக் கொப்பி கறுப்பாக இருந்தது. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. எங்கள் வீட்டில் ஊரை விட்டுப் போவது என்றால் இரவில்தான். இந்தச் சுவரில் ஒருவர் பகலில், எல்லாரும் பார்க்க, தலை நிமிர்ந்து போகிறார். நான் படத்தைப் பார்க்கவில்லை, எங்கள் வீட்டைப் பார்த்தேன்."

கடைசி வரியை வாசிக்கும்போது அவருடைய குரல் இறங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். அவரும் யாழ்ப்பாணத்தை விட்டு எந்த நேரத்தில் வந்தாரோ, யார் கண்டார்கள்.

ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் போட்டார். பிள்ளைகள் காணாத ஓவியம், யாரோ ஒரு பெண் ஜன்னலருகில் நிற்கிறாள். "எழுதி வைச்சதை விடுவம். இதைப் பாத்துச் சொல்லும், என்ன தெரியுது?"

அழகம்மா படத்தை எடுத்து அதன் நாலு ஓரத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ராஜேஸ்வரியின் கை சேலை நுனியை முறுக்கியது. சொல்லு பிள்ளை, எதையாவது சொல்லு என்று நான் சுவருக்கு வெளியே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"மிஸ், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் அழகம்மா. "இது முழுப் படமா, வெட்டின படமா? அசல்லயும் இதே நிறமா?"

ஆலோசகர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு படத்தைத் திருப்பிப் பின்புறம் இருந்ததை வாசித்தார்.

"ஓம் பிள்ளை, வெட்டின படம்தான்" என்றார். "இடப் பக்கத்தில ஒரு குழந்தை இருக்கு, இதில இல்லை. இத்தனை பள்ளிக்கூடம் கொண்டு திரியிறன், நானே திருப்பிப் பார்க்கேல்லை."

அதற்குப் பிறகு அழகம்மாவும் ஹபீலாவும் பேசியதை நிறுத்தத்தான் பாடுபட வேண்டியிருந்தது. போகும்போது ராஜேஸ்வரியின் கொப்பியையும் ஆலோசகர் கேட்டு வாங்கிப் பார்த்தார். முதல் பக்கத்து மூட்டைகளைக் காட்டி, "இது யானையோ?" என்று கேட்டார். "அப்பிடித்தான் நெனச்சு வரைஞ்சேன்" என்றாள் என் மனைவி. அந்த அம்மா அன்றைக்குச் சிரித்தது அப்போது ஒரு தரம்தான். பார்வையாளர் புத்தகத்தில் "சித்திரம் தொடர வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். ராஜேஸ்வரி வெளியே வந்து, சோற்றுப் பார்சலை வாங்கி, அங்கேயே நின்று சாப்பிட்டாள்.

அழகம்மாவுக்குப் பரீட்சையில் சித்திரத்துக்கு 'ஏ', விசேட சித்தி கிடைத்தது. முடிவு வந்த அன்று கறுப்பையா ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு அம்பிட்டிய ஏற்றம் ஏறி வந்தார். அவள் இப்போது பிலிமத்தலாவைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர டீச்சர். நன்றாக வரைகிற டீச்சர், கடவுள் புண்ணியத்தில்.

ராஜேஸ்வரி ஓய்வு பெறும் வரைக்கும் சித்திர வகுப்பை விடவில்லை. பிறகு நல்ல வண்ணப் புத்தகங்களும் வந்தன. அவள் அவற்றை முதலில் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவாள். வருஷத்தின் முதல் பாடத்துக்கு அந்தப் பழைய கறுப்புப் போட்டோக் கொப்பியைத்தான் கொடுப்பாள். பார்த்து எழுதுங்கள் என்பாள். ஒருத்தி, கரண்ட் போன இரவு என்று எழுதினாள். இன்னொருத்தி, அம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன இரவு, எங்களை எழுப்பாமல் போனார் என்று எழுதினாள். எந்தப் பக்கத்தையும் கிழிக்க விடுவதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மஹ்மூதின் வேன் வாசலுக்கு வந்துவிடும்.

நானும் போவேன், ஹாமதுருவோடு பேச ஆள் வேண்டுமே. ஆனால் சுவர் என்ன நிறம் என்று மட்டும் வாய் திறக்கக் கூடாது என்பது எனக்கு வீட்டு உத்தரவு. வேன் மகாவலிப் பாலத்தைத் தாண்டும்போது ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பிள்ளை என் பக்கம் திரும்பி, "சேர், உள்ள ரொம்ப இருட்டா இருக்குமா?" என்று கேட்கும்.

"கதவு திறக்கிற வரைக்கும்தான், பிள்ளை" என்று சொல்லிவிட்டு நான் ஆற்றைப் பார்ப்பேன்.